உன் மகளின் கையில் முதல் ஊசி

இன்று கல்லடியில் வாகனம் திருத்தும் கடையொன்றைக் கடந்து வந்தேன். பழைய பற்றரி ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமில மணம் மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். உன் வீட்டு முற்றம் அப்படித்தான் மணக்கும்.

போர்க்காலம். உன் ஊர் பழுகாமத்துக்கு எதுவும் சுலபமாக வராது, வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகூட. உன் கணவர் பழைய பற்றரிகளை உடைத்து, உள்ளேயிருந்த ஈயத்தைச் சமையல் அடுப்பிலேயே உருக்கிக் குண்டு வார்ப்பார். அயல் வீடுகளிலும் அதே வேலை. பிள்ளைகள் அந்தச் சாம்பலில்தான் விளையாடினார்கள். வயிற்றுவலி என்று ஒவ்வொருவராக, தாதியான என்னிடம் வந்தார்கள். இரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கலாம், சோதிக்க வேண்டும் என்றார் வைத்தியர்.

தாய்மார் மறுத்தார்கள். "ரத்தத்த எடுத்து ஆருக்குக் குடுக்கப் போறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். காயப்பட்டவர்களுக்காக இரு தரப்பும் இரத்தம் தேடிய அந்த நாட்களில் அது நியாயமான கேள்விதான். நீ மகளை மடியில் இருத்தி அவள் கையை நீட்டினாய். "எடுகா. என்ட புள்ளைக்கு முதல் எடு." பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள்.

இரத்தப் பெட்டியோடு தோணியில் வாவியைக் கடந்தபோது நீயும் கூட வந்தாய். சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவன் குழாயொன்றைத் தூக்கிப் பார்த்தான்.

"யார் ரத்தம்?"

"என்ட மகள்ர."

அவன் பெட்டியை மூடிவிட்டான்.

கொழும்பிலிருந்து முடிவு வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஈயம் ஏறியிருந்தது. உன் மகளுக்குத்தான் மிக அதிகம். அன்றே உன் கணவர் உருக்கும் சட்டியை வாவியில் எறிந்தார். அயலாரும் நிறுத்தினார்கள். அவளுக்கான மருந்து கொழும்பில் இருந்தது. சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. திறப்பதற்குள் வலிப்பு வந்து அவள் போய்விட்டாள். செத்த வீட்டில் நீ அழவில்லை. நானும் அழவில்லை.

மீண்டும் இரத்தம் எடுத்த நாளில் உன்னை யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தாய். முரண்டுபிடித்த அயல் வீட்டுப் பிள்ளையை மடியில் வைத்து, "அங்க கொக்கைப் பாரு மனே, பறக்கப் போகுது" என்றாய். பிள்ளை யன்னலால் பார்த்தது. கொக்கு எதுவும் இல்லை. நான் ஊசியை ஏற்றினேன். முடிவு வந்தபோது அந்தப் பிள்ளைகளுக்கு ஈயம் இறங்கியிருந்தது.

அடுத்த மாரியில் ஷெல் விழுந்து நீயும் போனாய். உன்னைக் குளிப்பாட்டியது நான்தான். தண்ணீர் குளிர்ந்திருந்தது. வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அந்த இல்லாத கொக்கைக் காட்டித்தான் இன்றும் ஊசி ஏற்றுகிறேன். இப்போது நான் வேலை செய்யும் இந்த ஆசுபத்திரியில் யன்னலுக்கு வெளியே வெறும் மதில். பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள்.