அப்பாவின் ஓய்வும் அரைக் கிணறும்

1986 தை (ஜனவரி) 9, வியாழன்

பனி. முகம் மட்டும் கழுவி, தலையை நனைத்து, குளித்ததாக அம்மாவுக்குக் காட்டியாயிற்று.

வீட்டில் ஒரே கதை: அப்பாவின் ஓய்வுக் காசு. ஊருக்கெல்லாம் கணக்குப் படிப்பித்தவருக்கு இந்த ஒரு கணக்கு வரவில்லை.

சித்தப்பா (வங்கியில் வேலை): "அண்ணை, நிலையான வைப்பிலை போடுங்கோ. மாசம் பிறக்க வட்டி. வேர்க்கத் தேவையில்லை."

அப்பா: "காசு வர வரத் தேயும். காணி தேயாது. அச்சுவேலியிலை நல்ல செம்மண் துண்டு ஒண்டு விலைக்கு வருது."

அம்மா: "மழை பிழைச்சால் செம்மண்ணையோ சோத்தோடை பிசையிறது? நகையாய் வாங்கி வைப்பம்."

என் கணக்கு:
வங்கி = வட்டி வரும். அப்பா நாள் முழுக்க வீட்டில். எனக்கு அவரிடம் அட்சரகணிதம் (x, y கணக்கு).
நகை = அம்மா சிரிப்பார். அப்பா அப்போதும் வீட்டில்.
காணி = வெங்காயம் வரும். அப்பா வெளியில்.
என் வாக்கு வெங்காயத்துக்கே.

தை 11, சனி

அப்பாவின் சைக்கிள் கரியரில் அச்சுவேலி. மண்ணை முகர்ந்தார், வேலியை ஆட்டினார், பாதையை அளந்தார். கிணற்றைக் கடைசியாகத்தான் எட்டிப் பார்த்தார்.

"கிணத்திலை உங்களுக்கு அரைப்பங்கு, மாஸ்ரர். ஒருநாள் நீங்கள் இறைக்கலாம், மற்றநாள் பக்கத்துக் காணிக்காரர்" என்றார் காணி விற்பவர்.

"ஆர் அவர்?"

"போன மாசம் வாங்கினவர். கணேச மாஸ்ரர்."

அப்பா சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

கணேச மாஸ்ரர் அப்பாவின் பள்ளிக்கூடத்து ஆங்கில வாத்தியார். எப்போதோ நாடக ஒத்திகைக்கென்று அப்பாவின் கணக்குப் பாடத்தைப் பறித்தாராம். அன்றிலிருந்து கதை பேச்சில்லை. இருவரும் ஒன்றாகத்தான் ஓய்வு பெற்றார்கள். "இனி உவன்ரை முகத்திலை முழிக்கத் தேவையில்லை" என்பதே ஓய்வில் அப்பாவுக்குப் பிடித்த பகுதி.

தை 12, ஞாயிறு

சித்தப்பா படிவத்தோடு ஆஜர். "பொங்கல் முடியக் கையெழுத்து வைக்கிறன்" என்றார் அப்பா. காலையில் அட்சரகணிதம். பின்னேரமும்.

தை 13, திங்கள்

காலையில் அப்பா பள்ளிக்கூடம் போகிறவர் மாதிரிச் சேட்டுப் போட்டு, பேனை குத்தி, படலை வரை போனார். நின்றார். திரும்பி வந்தார்.

பள்ளிக்கூடத்தில் வாணி (கணேச மாஸ்ரரின் மகள், என் கூட்டாளி) அழாக்குறை. "எடியே, தண்ணி கேட்டாலும் இங்கிலீசிலை கேக்கச் சொல்லுறார். தாகத்திலை சாகப்போறன்."

இரண்டு தலைகள் சேர்ந்தன. திட்டம் பிறந்தது.

தை 14, செவ்வாய். பொங்கல்.

பொங்கலுக்குப் புக்கை (பொங்கல் சோறு) வந்த வீட்டோடு கோபம் வைத்திருக்க இந்த ஊரில் ஒருவராலும் முடியாது. எங்கள் புக்கையோடு நான் வாணி வீட்டில்: "அப்பா தந்துவிட்டவர்." அதே நேரம் வாணி எங்கள் வீட்டில்: "அப்பா தந்துவிட்டவர்."

புறப்படுமுன் நான் எடுத்த சட்டியில் அம்மா இன்னொரு அகப்பை போட்டு, மேலே முந்திரிகை வற்றலும் தூவினார். கள்ளி!

நான் திரும்பி வந்தபோது அப்பா வாணியின் சட்டியையே பார்த்தபடி இருந்தார். "அவன் முந்தீட்டானே!" சால்வையை எடுத்துக்கொண்டு கணேச மாஸ்ரர் வீட்டுக்குச் சைக்கிளில் பறந்தார். இருட்டின பிறகுதான் திரும்பினார். பாட்டு வேறு.

தை 16, வியாழன்

அம்மாவின் தீர்ப்பு: பாதி காணி, பாதி வங்கி. "பம்பு பழுதானால் வட்டிக் காசிலை திருத்துங்கோ. வட்டி குறைஞ்சால் வெங்காயத்தை வில்லுங்கோ." சித்தப்பாவுக்கும் சந்தோசம். அப்பா முற்பணம் கொடுத்துவிட்டார்.

தை 19, ஞாயிறு

நல்ல வெயில். கணேச மாஸ்ரரின் இறைப்பு நாள். அவர் பம்படியில், அப்பா வாய்க்காலில் மண்வெட்டியோடு. முழங்கால் வரை சேறு.

"தண்ணியை மாத்துமன் காணும்! பாத்தி நிரம்பீட்டுது!"

"நீர் மெசினைப் பாரும்! பாத்தி எனக்குத் தெரியும்!"

இப்படிச் சிரித்து அப்பாவை நான் கண்டதில்லை. வரம்பில் நானும் வாணியும் இளவரசிகள் மாதிரி. அட்சரகணிதம் ஒழிந்தது, இங்கிலீசு ஒழிந்தது.

பம்பு நின்றது. இருவரும் சேறும் சிரிப்புமாக எங்கள் முன்னால்.

"பிள்ளையள், ஆர் முதல் புக்கை அனுப்பினது எண்டு நாங்கள் பொங்கலண்டே கதைச்சனாங்கள். ரெண்டு பேருமே அனுப்பேல்லை!" என்றார் அப்பா.

"நாளையிலையிருந்து பின்னேரம் ரெண்டு பேரும் இஞ்சை வாங்கோ" என்றார் கணேச மாஸ்ரர். "ஒருநாள் கணக்கு, ஒருநாள் இங்கிலீசு. கிணத்து முறை மாதிரி."