கூலருக்கு அடியில் உரிக்காத தாள்

இன்று உன் கம்ப்யூட்டரைத் திறந்தோம். உள்ளே சூட்டைத் தணிக்க இருந்த கூலரைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்திலிருந்து மெக்கானிக் உரித்தெடுத்த பிளாஸ்டிக் தாள் இப்போது என் முன்னால் மேசைமேல் கிடக்கிறது. கண்ணாடித்தாள் மாதிரி மெல்லியது, தீப்பெட்டி அளவுகூட இராது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

நீ இருந்தவரை உன்னைக் கிளார்க்கய்யா என்றும் நீங்கள் என்றும்தான் கூப்பிட்டேன். இந்தத் தாளைப் பார்த்த பிறகு மரியாதை வரவில்லை. நீ என்றே எழுதுகிறேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன், என் கையால். 'ஞ' வரும் இடத்தில் நாக்கு வெளியே வந்துவிடுகிறது. ஒரு வரி முடிந்ததும் சந்தோஷத்தில் எனக்கே சிரிப்பு வருகிறது. அடுத்த வரியில் நீ வந்துவிடுகிறாய். சிரிப்பு போய்விடுகிறது.

மெயின்லேண்ட் செய்தித்தாள் கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்து சேர்வதற்குள் பழசாகிவிடுகிறது என்று நீ கம்ப்யூட்டரில் வாசிக்க ஆரம்பித்தாய். நீ வாசிப்பாய், நான் கேட்பேன். மரைன் ஹில்லில் உன் வீடு மேலே, என் மகனின் குவார்ட்டர்ஸ் கீழே. சாயங்காலமானால் படியேறி வந்துவிடுவேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கட்சால் தீவு ரப்பர் காட்டில் பால் வெட்டியே வயதைக் கழித்தவன் நான். உலகம் எனக்கு உன் வாய் வழியாகத்தான் வந்தது.

பழைய கம்ப்யூட்டர் போனதும் நீயே ஒன்றைக் கோர்க்கப்போவதாகச் சொன்னாய். பிஸ்கட் டின் அளவில் ஒரு பெட்டியை வரவழைத்தாய். "மேசைல காப்பித் தம்ளர் வைக்க எடம் வேணும்லா" என்றாய். அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருப்பதிலேயே பெரிய புரோசஸரைப் போட்டாய்.

"செய்தி வாசிக்க எதுக்குங்க இம்புட்டுப் பெரிசு?" என்று கேட்டேன்.

"எந் தம்பி மவன் மெட்ராஸ்ல இதத்தாம்வே வச்சிருக்கான். நான் என்ன கொறஞ்சவனா?"

முதல் நாளிலிருந்தே சூடு. பெட்டியைத் தொட்டால் தோசைக்கல். விசிறி ஊளையிடும், அப்புறம் திரை அணைந்துவிடும். மந்திரி என்ன சொன்னார் என்று தெரியாமலே நான் எத்தனையோ சாயங்காலம் படியிறங்கியிருக்கிறேன். மூடியில் துளை போட்டாய். துளை வழியாகப் பல்லி போகுமென்று வலை ஒட்டினாய். வலை காற்றை அடைக்கிறது என்று அதைக் கிழித்தாய். விசிறியைத் திருப்பி மாட்டினாய். புரோசஸரின் வேகத்தைக் குறைத்தாய். புரோசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவுகிற பேஸ்ட் சரியில்லை என்று கப்பலில் வேறு பேஸ்ட் வரவழைத்தாய். பழையதைத் துடைத்துப் புதியதைத் தடவினாய், அந்தத் தாளின் மேலேயே. கூலரைக் கையில் பிடித்துக்கொண்டு நான்தான் பக்கத்தில் நின்றேன். அடிப்பக்கம் பளபளவென்றிருந்தது. நல்ல சாமான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

குற்றம் சொல்ல உனக்கு ஆளா கிடைக்கவில்லை? உப்புக்காற்று என்றாய், கரண்ட் என்றாய், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றாய். எல்லாம் தீர்ந்த பிறகு என்னிடம் வந்தாய். குட்வில் எஸ்டேட்டிலிருந்து உன் சொந்தக்காரர்கள் வந்திருந்த நாள் அது. அவர்கள் முன்னால் திரை அணைந்துவிட்டது.

"எல்லாம் இவரு பீடிப்புகைதான்" என்றாய்.

"நா வெளியில நின்னுதானுங்களே குடிக்கிறேன்?"

"நாலு எழுத்து வாசிக்கத் தெரியாத ஆளப் பக்கத்துல உக்கார வச்சா மிஷினு இப்படித்தாம்வே போவும்."

அவர்கள் சிரித்தார்கள். தங்கச்சி, உன் மனைவி, எனக்கு நீட்டிய காப்பியோடு அப்படியே நின்றுவிட்டது. நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கினேன். அதற்குப் பிறகு ஏறவேயில்லை.

செய்தி சொல்ல ஆளில்லை. அந்தக் கோபத்தில்தான் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். டீச்சர் என் மகளைவிடச் சின்னவள். முதல் தடவையாகக் கடைப் பலகையில் 'அரிசி' என்று நானாகப் படித்த அன்று, ஒன்றும் வாங்காமலே அந்தக் கடைக்குள் போய் நின்றேன். அரிசி அரிசியாகவே இருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பக்கம் தடங்கலில்லாமல் வாசிக்க வந்ததும் மேலே ஏறி வந்து உன் முகத்துக்கு நேரே வாசிக்க வேண்டும் என்றிருந்தேன்.

நான் கீழே எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பேன். மேலே உன் சன்னல் வழியாக உன் சத்தம் வரும். கோவில் மைக் மாதிரி அப்படியென்ன வாசிப்பு! எனக்கு வரும் பார், உனக்கு வருமா என்று குத்திக்காட்டுகிறாய் என்று என் சன்னலைச் சாத்தினேன். ஒருநாள் சத்தம் வரவில்லை. மார்வலி என்றார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. உன்னைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். நான் அந்த ஒரு பக்கத்தை வாசிக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதற்குள் உனக்கென்ன அவசரம்?

தங்கச்சிதான் கூப்பிட்டு அனுப்பியது. மெயின்லேண்டில் இருக்கும் உன் மகளின் முகத்தைப் பார்க்க உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறதாம். பஜாரிலிருந்து பெங்காலி மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கூலரைக் கழற்றினார், நகத்தால் சுரண்டினார், சிரித்தார்.

"அரே சாச்சா, யே தோ கிசீ நே நிகாலா ஹீ நஹீன்!"

யாருமே இதை உரிக்கவில்லையாம். புரோசஸரின் சூடு கூலரின் உலோகத்தில் ஏறினால்தான் விசிறி அதை வெளியே தள்ளும். நடுவில் இந்தத் தாள் இருந்தால் என்ன தடவியும் பயனில்லையாம். ஓரத்தில் சிவப்பாக இங்கிலீஷ் எழுத்து இருந்தது. மாட்டுமுன் இதை உரிக்கவும் என்று படித்துச் சொன்னார். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமே! தலையங்கம்வரை வாசிக்கிறவனுக்கு இந்த ஒரு வரியை வாசிக்க என்ன கேடு?

துடைத்து, பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து மூடினார். தங்கச்சி மகளோடு வெகுநேரம் பேசியது. பெட்டி மூச்சுவிடவில்லை. காதை வைத்துக் கேட்டால்தான் விசிறி சுற்றுவது தெரிந்தது. என் பீடிப்புகை இல்லை, நான் இல்லை என்று ஊருக்கே கேட்கும்படி கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் யார் காதில் விழ வேண்டுமோ அவன் இல்லை.

மெக்கானிக் போன பிறகு தங்கச்சி சொன்னது:

"அண்ணே, ஒங்களுக்குக் கேக்கட்டும்னுதான் சன்னலத் தொறந்து வச்சு வாசிச்சாவ. மிஷினு அணைஞ்சா, அது ஆறுற வரைக்கும் உக்காந்திருந்து, மறுபடி மொதல்ல இருந்து வாசிப்பாவ."

"கூப்பிட்டிருக்கலாமே தங்கச்சி?"

"நானும் சொன்னேன். அவரா வரட்டும்னுட்டாவ."

இதைக் கேட்டு என் கோபம் இரண்டு மடங்கானது. கப்பல் ரத்து, காய்கறி விலை, மந்திரி பேச்சு, இதையெல்லாமா ஒருவன் சமாதானத்துக்கு அனுப்புவான்? 'மேல வாரும்வே' என்று இரண்டே வார்த்தை. அதை வாசிக்கக் கம்ப்யூட்டர்கூட வேண்டாமே. என்னவே முழிக்கிறீர் என்று நீ கேட்பாய். முழிக்கத்தான் செய்கிறேன். சன்னலைச் சாத்தியது யார் என்று மட்டும் கேட்காதே.

செத்தவர்மேல் என்ன கோபம், விட்டுவிடுங்கள் என்கிறது தங்கச்சி. விடமாட்டேன். நீ சொன்ன சொல்லை நீயே வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்; வேறு யார் எடுத்தாலும் அது போகாது. மன்னித்துவிட்டேன் என்று எழுதிவிடலாம், அந்த எழுத்தெல்லாம் எனக்கு இப்போது வரும். எழுதிவிட்டால், நாளை சாயங்காலம் நான் உன்னிடம் எதைப் பேசுவேன்?