காபி சாப்பாட்டில் சேராது

ஜூன் 10, செவ்வாய்
விடியும்போதே புழுக்கம். இன்று முதல் தைராய்டு மாத்திரை. மிளகளவுகூட இல்லை, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்.

டி.எஸ்.எச். 11.2. டாக்குரியா கிளினிக் வங்காளி டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: முதலில் எண் இறங்கட்டும், குழந்தைக்கு அப்புறம் பார்க்கலாம். போன வருஷம் மூன்றாம் மாதம் கலைந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாமாம். இருக்கலாமாம்! எனக்கு முப்பத்தேழு.

"ஏக் கொண்டா கிச்சு காபேன் நா." வெறும் வயிற்றில் மாத்திரை, ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. சரி. நம் வீட்டில் டிபனே எட்டரைக்குத்தான்.

ஜூன் 27, வெள்ளி
மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். பாங்கில் கவுண்ட்டரிலேயே தூங்கி வழிந்தேன். முடி கொத்துக் கொத்தாக. அம்மா போனில், "படுத்தே கிடந்தா அப்படித்தான்டி இருக்கும்." வைத்துவிட்டு அழுதேன்.

வாங்க: தீப்பெட்டி, பச்சை மிளகாய், காபிப் பொடி (லேக் மார்க்கெட்).

வெள்ளிக்கிழமை விரதம். காபி மட்டும். மூன்று தடவை.

ஜூலை 22, செவ்வாய்
ரிப்போர்ட். 10.6. ஆறு வாரத்துக்கு இறங்கினது இவ்வளவுதான்.

கீழ்வீட்டு பௌதியும், நம் பாஷையில் அண்ணி, இதே மாத்திரைதான். படியில் பிடித்துக்கொண்டார். "ஓஷுதேர் போர் சா காவ் நா தோ?" மருந்துக்கு அப்புறம் டீ குடிப்பதில்லையே என்று. டீயா, சே, காபிதான், மாத்திரையையே அதில்தான் விழுங்குகிறேன் என்றேன்.

"ஏ மா!" தலையில் அடித்துக்கொண்டார். காபி மருந்தை உடம்பில் ஒட்டவிடாதாம்.

இவர்களுக்குச் சாப்பாடும் 'கா'தான், தண்ணீரும் 'கா'தான், டீயும் 'கா'தான், சிகரெட்டும் 'கா'தான். டாக்டரம்மாவின் 'காபேன் நா'வில் காபியும் அடக்கம். பன்னிரண்டு வருஷமாக இந்த ஊர்! நாம் மட்டும் என்ன, "காபி சாப்பிடறீங்களா" என்றுதானே கேட்கிறோம். ஆனாலும் விரதத்துக்கே குறுக்கே வராத காபி, மாத்திரைக்கு வருமென்று யார் கண்டது. மடச்சி. மடச்சி.

ஜூலை 24, வியாழன்
வெயில். ஆறு மணிக்கு மாத்திரை, வெறும் தண்ணீர். ஏழு வரை ஃபில்டரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் குடிக்காமல் கூடவே காத்திருந்தார், பாவம்.

டாக்டரம்மா போனில் நல்ல டோஸ் விட்டார். மறுபடி ஆறு வாரம். அதுவரை ஜாக்கிரதை என்றார்.

நாள் தள்ளி ஐந்து நாள். தைராய்டு என்றால் தள்ளும்தான். எனக்கு நானே சமாதானம்.

ஜூலை 26, சனி
மாத்திரை ஆறு மணிக்கு. இப்போது ஆறரை. டைரியும் கையுமாக பாத்ரூமில்.

இரண்டு கோடு.

இரண்டாவது அட்டையிலும் இரண்டு.

போன தடவை இதைப் பார்த்துக் கத்தினேன், கீழ்வீடு வரை கேட்டது. இன்று வெறும் பயம். ஜாக்கிரதை என்று சொன்னாரே. பத்து புள்ளி ஆறு. இந்த எண்ணிலேயா வந்து சேர்ந்தாய்? கிளினிக் பத்து மணிக்குத்தான் திறக்கும். ஒரே நினைப்பு: அந்த ஆறு வாரம், நாற்பத்திரண்டு டம்ளர்.

கதவைத் தட்டுகிறார். "ஏய், மணி ஏழாச்சு. இப்போ காபி சாப்பிடலாம், வாடி."