பதில் சொல்லாத மாப்பிள்ளை

இன்று காலை ஆப்பமாவுப் பானையைத் திறந்தேன். கள்ளின் புளிப்பு வாசம் அடுப்படி முழுக்கப் பரவியது. உங்கள் ஞாபகம் வந்து, தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். நம் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். நீங்கள் இல்லாததால் நான்தான் கேள்வி கேட்க வேண்டும்.

நீங்கள் கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்கு என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் வீட்டில் ஆப்பம்தான். அப்பா எங்கள் தேவாலயத்தில் சபை மூப்பர். ஒரு துளி கள் நாக்கில் பட்டாலும் பாவம் என்பார். ஆப்பமாவில் ஊற்றும் கள்ளை மட்டும் அவர் கள்ளாகவே நினைப்பதில்லை. உங்கள் சபைக்காரர்களோ அளவோடு குடித்தால் குற்றமில்லை என்கிற கட்சி.

நீங்கள் உட்கார்ந்ததும் அப்பா கேட்டார்: "தம்பி குடிப்பீங்களா?"

நீங்கள் வாயைத் திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு உயிரே போய்விட்டது. அதற்குள் உங்களை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன என்று உங்கள் மேல் ஆத்திரமாக வந்தது.

அப்பா மறுபடியும் கேட்டார். நீங்கள் பணிவாகச் சொன்னீர்கள்: "கோர்ட்டுல துபாஷி வேலைங்கய்யா. கூண்டுல நிக்கிறவங்களுக்கு, துரை இங்கிலீஷ்ல சொல்றதைத் தினம் தமிழ்ல சொல்றேன், பதில் சொல்லணும்னு கட்டாயமில்லன்னு. இன்னிக்கு எனக்கே சொல்லிக்கிறேன்."

"அப்ப குடிக்கிறீங்கன்னுதானே அர்த்தம்?"

"அப்படி எடுத்துக்கக் கூடாதுன்னு எங்க மாஜிஸ்திரேட் துரை சொல்லுவாரு."

அப்பாவின் முகம் சிவந்தது. "இதே நாற்காலியில ரெண்டு பேரு உக்காந்து, தொட்டதே இல்லன்னு சொன்னானுங்க. ரெண்டு பேரையும் கள்ளுக்கடைக்குள்ள என் கண்ணால பார்த்தேன்."

அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "ஆப்பத்துக்கு நான்தானே ஆள் விட்டு வாங்குறேன். கடைக்குள்ள உங்களுக்கு என்ன வேலை?"

நீங்கள் கோர்ட்டுக் குரலில், மெதுவாக: "ஐயா, நீங்க பதில் சொல்லணும்னு கட்டாயமில்ல."

முதலில் சிரித்தவள் அம்மா. பிறகு அப்பா, கண்ணில் தண்ணீர் வரும்வரை. அடுத்த மாதமே சபையில் நம் கல்யாண ஓலையை வாசித்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸில் ஒரு கிளாஸ் கள்ளை என் எதிரிலேயே உட்கார்ந்து குடித்தீர்கள். வருஷத்துக்கு அந்த ஒன்றுதான். ஒளித்துக் குடித்ததே இல்லை. கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது, "வலிக்குதாங்க?" என்று கேட்டேன். நீங்கள் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். எனக்காகக்கூட உங்களுக்கு ஒரு பொய் சொல்ல வரவில்லை. அந்தப் பிடியை நான் இன்னும் விடவில்லை.

வாசலில் ரிக்‌ஷா வந்து நிற்கிறது. குடிப்பீர்களா என்று பையனிடம் நானும் கேட்கப்போகிறேன். சட்டென்று இல்லை என்றால் யோசிப்பேன். திருதிருவென்று விழித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தான் என்றால், அவன்தான் மாப்பிள்ளை.