மூன்றாம் மாடியில் ஒரு திறந்த போர்ட்

ஜூன் 9, திங்கள்

ஒன்பது வருடம் வீட்டிலிருந்துவிட்டு மறுபடி வேலைக்குச் சேர்ந்து இன்றோடு ஏழு வாரம். ஆஸ்பத்திரி நெட்வொர்க்கை வாராவாரம் ஸ்கேன் செய்வது என் பொறுப்பு. போர்ட் என்றால் என்ன என்று மகள் கேட்டாள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நம்பர் போட்ட வாசல்கள் இருக்கும், தேவையானதை மட்டும் திறந்து வைப்போம் என்றேன். "அப்போ நீ வாட்ச்மேனாம்மா?" கிட்டத்தட்ட அதேதான்.

இன்று மூன்றாம் மாடியில், எங்கள் பதிவேட்டிலேயே இல்லாத ஒரு கருவி. 554, 8080 என்று இரண்டு போர்ட் திறந்திருக்கின்றன. மேனேஜர் எட்டிப் பார்த்தார். "தெரியாததுன்னா முதல்ல மூடுங்க. விசாரணை அப்புறம்." மூடுவதற்கும் ஒரு படிவம் உண்டு. நாளைக் காலை.

ஜூன் 10, செவ்வாய்

பத்தரைக்கு மூடினேன். பத்தே முக்காலுக்கு ஐந்தாம் மாடி நர்ஸ் போன். "குழந்தை படம் போயிடுச்சு, நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

என்ன படம்?

அது கேமரா. குறைமாதக் குழந்தையின் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே மாட்டியது. தாய் ஐந்தாம் மாடியில். ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல், அதனால் குழந்தையிடம் விடுவதில்லை. ஆறு நாளாக டேப்லெட்டில்தான் பார்க்கிறாள். திரை கறுத்ததும் பிள்ளை போயிடுச்சுன்னு நெனச்சு, தையல் போட்ட வயித்தோட படியில எறங்கியிருக்கா. ரெண்டு மாடி.

தையல் பிரியவில்லை. நர்ஸ் தன் போனில் வீடியோ எடுத்து வந்து காட்டிய பிறகுதான் படுத்தாளாம்.

மூடறதுக்கு முன்னாடி உள்ள என்னன்னு நான் ஏன் பாக்கல? ஒரு நிமிஷம் ஆகுமா அதுக்கு?

ஜூன் 11, புதன்

கேமராவை மாட்டியவர், மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பவர். எல்லோருக்கும் அவர் 'ஸ்பேனர் அண்ணன்'.

"ஆமா, நான்தான் வெச்சேன். பர்மிஷன் கேட்டா, பேப்பர் சுத்தி வர்றதுக்குள்ள குழந்தைக்குப் பல்லு மொளச்சிடும்."

"பாஸ்வேர்டு?"

"அதெல்லாம் எதுக்கு?"

என் கம்ப்யூட்டருக்கு மட்டும் தடையை எடுத்துவிட்டு, கேமராவின் முகவரியைத் தட்டினேன். எதுவுமே கேட்காமல் திறந்தது. குழாய்களுக்கு நடுவே, என் கட்டைவிரல் அளவு பாதம்.

"இந்த பில்டிங்ல அறுநூறு கம்ப்யூட்டர் இருக்குண்ணா. அந்த ஆறு நாளும் யார் வேணும்னாலும் பார்த்திருக்கலாம்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அது தோணவே இல்லம்மா."

மொபைல் இணைப்பிலிருந்து, வெளியாள் போல முயன்று பார்த்தேன். பதில் இல்லை. நல்லவேளை, கட்டடத்தைத் தாண்டிப் போகவில்லை.

ஜூன் 12, வியாழன்

கேமரா வந்த விதத்தையும், பார்க்காமல் மூடியது என் தவறு என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்தேன். ஏழு வாரத்தில் இப்படியொரு ரிப்போர்ட்.

மேனேஜர் இரண்டு தரம் படித்தார். "ஸ்பேனருக்கு வேலையே போயிடும், தெரியும்ல?"

"கேமராவுக்குத் தனி நெட்வொர்க் போட்டுடறேன் சார். பாஸ்வேர்டோட. திங்கட்கிழமை வரைக்கும் டைம் குடுங்க."

"அதுவரைக்கும் அந்தம்மா?"

அவர் அதைக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அவங்க டேப்லெட்டுக்கு மட்டும் இப்பவே தொறந்துடறேன்."

"செய்யுங்க. ஸ்பேனர்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஜூன் 16, திங்கள்

தனி நெட்வொர்க் தயார். ஸ்பேனர் அண்ணன் ஏணியில், நான் கீழே வயரைப் பிடித்துக்கொண்டு. வேலை தப்பியது, எழுத்தில் எச்சரிக்கை மட்டும்.

ஐந்தாம் மாடிக்கு நானே போய் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு மூடியது நான்தான் என்றும் சொல்லிவிட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கொட்டாவி விடறா பாருங்கக்கா" என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

காய்ச்சல் நின்று, தாயை மூன்றாம் மாடிக்கு விட்டார்களாம். நர்ஸ் போன் செய்து சொன்னாள். எனக்குச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

அந்தப் பெண் குழந்தை போன வாரம் வீட்டுக்குப் போயிற்று. மூன்றாம் மாடியில் இப்போது நான்கு கேமரா, நான்கும் பதிவேட்டில் உண்டு. காலையில் இரட்டைக் குழந்தைகளின் அப்பா போன் செய்தார். படம் நன்றாக வருகிறதாம், ஆனால் எது எந்தப் பிள்ளை என்று தெரியவில்லையாம். ஸ்பேனர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மேலே போய், நர்ஸிடம் கேட்டு, இரண்டு பெட்டியிலும் காகிதம் ஒட்டிவிட்டு வந்தேன். ஒன்றில் 'மூத்தவன்', மற்றதில் 'நாலு நிமிஷம் இளையவன்'.