பட்டன் தீர்ந்தால்

அக்டோபர் 1, ஞாயிறு

காலையில் வெயில். பத்து மணிக்கு மேல் ஒரே புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. சர்ச்சில் பூசை முடிந்து வந்து துணி ஊற வைத்தேன். இன்னும் அலசவில்லை.

மூன்று பேரும் வந்தார்கள். கார்த்தி, மாலதி, ஜெரால்டு. லாஸ்பேட்டை காலேஜில் ஸ்டெல்லாவோடு படித்தவர்கள். என் மகள் போய் நான்கு மாதம். அவள் இருந்தபோது இரண்டு வருடம், ஞாயிறு தவறாமல் இந்தக் கூடத்தில்தான் ஆட்டம். இப்போதும் இங்கேயே ஆடுங்கள் என்று நான்தான் கூப்பிட்டேன்.

இந்த ஆட்டத்துக்குப் பலகை கிடையாது. ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம். திருடி, காவல்காரன், வைத்தியன். "நான் சுவர் ஏறிக் குதிக்கிறேன்" என்பார்கள். குதித்தானா, விழுந்தானா என்று பகடைக் கட்டை உருட்டிப் பார்ப்பார்கள். கதை சொன்னது ஸ்டெல்லா. அடுப்படியில் நின்றே எல்லாம் கேட்டிருக்கிறேன்.

அவள் வைத்து ஆடியது ஜெரால்டின் மாமா பிரான்சிலிருந்து கொண்டுவந்த ஆட்டப் புத்தகம். அதைத் தொட மூன்று பேருக்கும் மனசு வரவில்லை. அதனால் வேறு வேறு ஆட்டமாகத் தேடிப் பார்க்கிறார்கள். இன்று பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த ஒன்று. இங்கிலீஷ். ஒரு கதவைத் திறக்க அரை மணி நேரக் கணக்கு.

"கதவு தெறந்துச்சா இல்லியாடா?" மாலதி.

"இரு, பூட்டோட பலத்த கூட்டணும்." ஜெரால்டு.

"நீ கூட்டிக்கினே இரு. நான் போய் சாவிக்காரன கூட்டிக்கினு வந்துடறேன்."

சிரித்துவிட்டேன். அவர்கள் போனதும் பீரோவைத் திறந்தேன், மூடினேன். எதற்குத் திறந்தேன்?

அக். 3, செவ்வாய்

தையல் கம்பெனி வேன் தாமதம். சேதராப்பட்டு போய்ச் சேர எட்டே முக்கால். சட்டைக் காலர் செக்கிங். நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே பார்த்தேன். நாலு தரம் தண்ணீர் குடிக்கப் போனேன்.

"அக்கா, ஏன் இப்டி அல்லாடற? ஒக்காரேன்." பக்கத்து மேசை சுமதி.

"ஒக்காந்தா தூக்கம் வருது."

பொய். தூக்கமாவது.

வீடு வந்ததும் ரேஷன் கடை. கார்டில் ஸ்டெல்லா பெயரை எடுக்க வேண்டும். "பொண்ணு இல்லைங்க" என்றேன். "ஊர்ல இல்லியா?" என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்தச் சொல் என் வாயில் வருவதில்லை. யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. மற்றவர்கள்தான் சொன்னார்கள், நான் பக்கத்தில் நின்றேன்.

வாங்க வேண்டியது: சோடா மாவு, ஊசி நூல் (கறுப்பு), குக்கர் கேஸ்கட்.

அக். 8, ஞாயிறு

மழை, விட்டு விட்டு. இன்று கார்த்தி தானே யோசித்த ஆட்டம். கட்டைக்குப் பதில் சீட்டுக்கட்டு. நேரம் பார்த்து அடுத்த வீட்டு அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"என்னா ரோசி, பூசைக்குப் போயிட்டு வந்து சீட்டுக் கச்சேரியா?"

"கதை சொல்ற ஆட்டம் அண்ணி."

"ம். எங்கண்ணனும் அப்டித்தான் சொல்லி ஆடுனாரு."

ஆட்டம் நிற்கவில்லை, ஓடவும் இல்லை. யாராவது சொல்லட்டும் என்று மூவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள். கடைசியில் கார்த்தி தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"அம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க. அடுத்த வாரத்துலேர்ந்து வேணாம்னு பாக்கறோம். எங்களுக்குக் கதை சொல்ல வரல."

"நான் சொல்றேன்." வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஆன்ட்டி, நீங்களா?" ஜெரால்டு.

"ஏன்? எனக்கு வாயில்லியா?"

மாலதி மட்டும் சிரிக்காமல் சரி என்றாள். ஆறாம் வகுப்பு படித்தவள் நான். ஆனால் ஞாயிறும் இல்லை என்றால் ஏழு நாளும் ஒரே நாள்தான்.

அக். 10, செவ்வாய்

இனி கா., மா., ஜெ. என்றே எழுதுகிறேன். கை வலிக்கிறது.

கோட்டை, பனி, பூதம் எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் செய்கிறேன். ஊர் பெயர் நண்டுத்துறை. ஆறு கடலில் சேருகிற இடம். ஒரு படகுத்துறை, ஒரு கோடவுன், ஒரு கள்ளுக்கடை, ஒரு கோயில். கோடவுனில் என்ன இருக்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கும் இன்னும் தெரியாது.

வேனில் வரும்போது யோசித்தேன். இருபது பேர் வருகிறோம். ஒருத்தியைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்தால் அவள் என்ன செய்வாள் என்று சொல்லிவிடலாம். என்ன வேண்டும், எதை மறைக்கிறாள், யாரோடு பேசமாட்டாள். அதையே ஊரில் எல்லாருக்கும் எழுதினேன்.

கள்ளுக்கடை மாரி: மகனுக்குப் பெண் வேண்டும். கடையில் கலப்படம். தங்கச்சியோடு பேசமாட்டான்.
கோயில் பிள்ளை (மணி அடிப்பவன்): மணி புதிதாக வேண்டும். பழைய மணியை விற்றது அவனே. மாரியோடு பேசமாட்டான்.
கொள்ளைக்காரன் தொப்பை: பேர் வேண்டும். தண்ணீரில் பயம். அம்மாவோடு பேசமாட்டான்.

இதற்கே இரண்டு நாள். விளக்கேற்ற மறந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக். 12, வியாழன்

விதி: கட்டை ஒன்றே. சாதாரண ஆறு முகம். நாலு, ஐந்து, ஆறு வந்தால் நடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று வந்தால் நடக்கவில்லை, ஒரு பட்டன் போகும். ஆளுக்கு ஐந்து பட்டன். கம்பெனியில் கழித்துப் போடும் பட்டனைக் கேட்டு வாங்கி வந்தேன். உடைந்தது, சாயம் போனது.

பட்டன் தீர்ந்தால்:

அதற்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அக். 15, ஞாயிறு

ஆடிவிட்டோம்! இரண்டரை மணி நேரம்! தொண்டை கட்டிவிட்டது.

கா. படகோட்டி சிங்காரம். மா. மருத்துவச்சி காத்தாயி. ஜெ. பென்ஷன் வாங்கும் பழைய சொல்தா, அதாவது பிரெஞ்சு சிப்பாய், பெயர் லூயி. ஜெ. தாத்தாவே பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்தவர்தானாம், அதனால் நடை உடை எல்லாம் செய்து காட்டினான். மூன்று பேரும் தொப்பையின் கூடாரத்துக்குள் கத்தியோடு நுழைந்தார்கள். நான் தொப்பையாக நிமிர்ந்து பார்த்து, "வாங்க, சாப்டீங்களா?" என்றேன்.

ஜெ. தரையில் விழுந்து சிரித்தான். "ஆன்ட்டி, கொள்ளைக்காரன் சோறு போடுவானா?"

"வாசப்படி தாண்டி வந்தவங்கள வேற என்னா கேக்கறது?"

"அப்ப நான் சாப்ட்டுட்டே குத்தறேன்."

"சாப்ட்ட வூட்லயா?" மா. அவனை ஒரு அடி வைத்தாள். குத்தவில்லை. மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு தொப்பையின் அம்மாவிடம் தூது போக ஒப்புக்கொண்டார்கள். நான் எழுதி வைத்தது ஒன்றும் இல்லை இது. தானாகப் போயிற்று.

ஒன்று மட்டும் இங்கே எழுதுகிறேன். கட்டையை பிஸ்கட் டின் மூடிக்குப் பின்னால் உருட்டுகிறேன். ஸ்டெல்லாவும் சில நேரம் மறைத்து உருட்டுவாள். கா.வுக்கு மூன்று தரம் ஒன்று விழுந்தது. ஐந்து என்று சொல்லிவிட்டேன்.

அக். 18, புதன்

நல்ல மழை. வாசலில் தண்ணீர். அண்ணி வந்து, "ஒங்கூட்ல ஞாயித்துக்கெழம சிரிப்புச் சத்தம் கேக்குது ரோசி" என்றாள். குத்திச் சொன்னாளா, சும்மா சொன்னாளா? நாலு மாதத்தில் சிரிக்கலாமா என்கிறாளா? நாள் முழுக்க அதே யோசனை. சோற்றை அடி பிடிக்க விட்டேன்.

அக். 22, ஞாயிறு

நேற்று தீபாவளி. தெரு முழுக்கக் காகிதக் குப்பை, ஈரத்தில் ஒட்டிக்கிடக்கிறது. கா. அதிரசமும் மா. முறுக்கும் கொண்டுவந்தார்கள்.

கோடவுன் கூரை மேல் சண்டை. மா. குதிக்க வேண்டும். உருட்டினேன். "அஞ்சு" என்றேன்.

"ஆன்ட்டி, மூடிய எடுங்க."

எடுக்கவில்லை. அவளே எடுத்தாள். இரண்டு.

"போன வாரமே சந்தேகம். ரெண்டு வாரமா ஒருத்தருக்குக்கூட நாலு பட்டனுக்குக் கீழ போகல. எப்டி ஆன்ட்டி?"

"போனா போவட்டுமே. நல்லாதான போய்க்கினு இருக்கு?"

"சாவே இல்லன்னா எதுக்கும்மா பயந்து ஓடணும்?" கா. மெதுவாகத்தான் சொன்னான். "ஸ்டெல்லா ஆட்டத்துல எங்காளுங்க ஏழு பேரு செத்துருக்காங்க. அந்த நேரத்துல கட்டைய எங்க கையிலயே குடுத்துடுவா. நீயே போடு, நான் ஒளிக்க மாட்டேன்னு சொல்வா."

"எங்கூட்ல யாரும் போக மாட்டாங்க!"

அவ்வளவு சத்தமாகக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. ஜெ. முகம் வெளுத்துவிட்டது. டீ அப்படியே இருக்க, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மா. மட்டும் வாசலில் நின்று, "பொய்யா ஆடறதுன்னா வேணாம் ஆன்ட்டி. அவளுக்கே புடிக்காது" என்றாள்.

முறுக்கை டப்பாவில் போட்டேன். எடுத்தேன். வேறு டப்பாவில் போட்டேன்.

அக். 23, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. கூடத்தைப் பெருக்கினேன், மறுபடி பெருக்கினேன். மத்தியானம் மா.வுக்கு போன்.

"ஞாயித்துக்கெழம வாங்க. தீந்தா என்னான்னு எழுதி வெக்கிறேன். கட்டைய ஒங்க கையில குடுக்கறேன்."

"நெஜமாவா?"

"நெஜமா."

"எழுதலன்னா?"

"எழுதலன்னா டீ குடிச்சிட்டு போங்க. அப்பறம் கூப்ட மாட்டேன்."

அக். 25, புதன்

பட்டன் தீர்ந்தால்: வெளியூர் போய்விடுவார். (அடித்துவிட்டேன். ரேஷன் கடை மாதிரி.)
பட்டன் தீர்ந்தால்: மயக்கம். மூன்று நாளில் எழுவார். (அடித்துவிட்டேன்.)
பட்டன் தீர்ந்தால்: சாமியார் ஆகிவிடுவார். (ஜெ. சிரிப்பான்.)

பேனாவைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்ததுதான் மிச்சம். சாவு என்று எழுதினால் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. அந்தப் பிள்ளை அப்புறம் என்ன செய்யும்? மற்றவர்கள் ஆட, ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டுமா? நான் உட்கார்ந்திருக்கிற மாதிரியா?

அக். 26, வியாழன்

சுமதி மாமனார் தவறிவிட்டார். வேலை விட்டதும் வேனை முத்தியால்பேட்டைக்கு விடச் சொல்லி எல்லாரும் போனோம். நான் வேனிலேயே இருக்கிறேன் என்றேன். ஓட்டுநர் தம்பி, "எறங்குக்கா. நானே உள்ள வரேன், எனக்கு அவுரு மொகம்கூட தெரியாது" என்றது.

போனேன். உண்மைதான். சாவு வீட்டில் யாரும் யாரையும் நீ யார் என்று கேட்பதில்லை. தெரியாதவர்கூட நேராக உள்ளே வந்து உட்காரலாம். தண்ணீர் கொடுக்கிறார்கள். பேச்சு ஆரம்பிக்கிறது.

வந்ததும் எழுதினேன், நின்றபடியே.

பட்டன் தீர்ந்தால்: கடைசியாக ஒரு தரம் உருட்டலாம். கட்டை அவர் கையில். ஒளிக்கக் கூடாது. ஆறு வந்தால் பிழைப்பார். மற்றது எது வந்தாலும் சாவு. கதை சொல்கிறவர் அதை வாயால் சொல்ல வேண்டும். பிறகு கதை செத்தவர் வீட்டுக்குப் போகும். செத்த ஆளின் ஆட்டக்காரர் ஓரமாக உட்காரக் கூடாது. துக்கம் கேட்க வருகிற புது ஆளாக உள்ளே வர வேண்டும்.

எழுதியது என் கையெழுத்துதானா என்று இரண்டு தரம் பார்த்தேன்.

அக். 29, ஞாயிறு

விடாத மழை. வருவார்களா என்று பத்து தரம் வாசல். பதினொன்றே காலுக்கு மூன்று பேரும் நனைந்து வந்தார்கள். விதியைப் படித்துக் காட்டினேன். ஜெ., "இந்த மாரி எந்த புக்லயும் இல்ல ஆன்ட்டி" என்றான். மா. டின் மூடியை எடுத்து டின்னிலேயே போட்டாள்.

நண்டுத்துறையில் வெள்ளம். படகுகள் கயிறு அறுந்து போகின்றன, ஒன்றில் தொப்பையின் அம்மா. மிச்சம் இருந்த நாலு பட்டனோடு சிங்காரம் குதித்தான். ஒன்று விழுந்தது. இரண்டு. மறுபடி இரண்டு. மூன்று. கிழவியைக் கரைக்குத் தள்ளிவிட்டான், கடைசிப் பட்டன் போய்விட்டது.

கட்டையை கா. கையில் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். போட்டான்.

நாலு. மற்ற நேரம் நல்ல எண்தான்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மழைச் சத்தம். சொன்னேன்.

"சிங்காரம் செத்துட்டான்."

கூரை இடியவில்லை. மா. மூக்கை உறிஞ்சினாள். நான் சிங்காரத்தின் அம்மா அஞ்சலையாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கா. எழுந்து நிஜமாகவே வெளியே போய், மழையில் கால் நனைத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். யாரோ வலைக்காரன் மாதிரி குந்தி உட்கார்ந்தான். ஜெ. தண்ணீர் கொடுத்தான்.

"எப்டிம்மா ஆச்சு?"

"ஆத்துல..." என்று ஆரம்பித்தேன். ஆற்றுக் கதை வாயில் வரவில்லை. "சாதாரண ஜொரம்னுதான் நெனச்சேன். கண்ணு மஞ்சளா இருந்துது. பதினோரு நாள். அன்னிக்கி காலையில ரெண்டு இட்லி சாப்ட்டா. தலை வாரி வுடுன்னா. பாதி பின்னிக்கினு இருக்கும்போதே..." முழுதும் சொன்னேன். டாக்டர் சொன்னது, நான் கேட்காமல் விட்டது, மறுபாதி ஜடையை யார் பின்னினார்கள் என்பது. என் மகள் செத்துட்டா என்று முடித்தேன். கா. தண்ணீரைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தான்.

அப்புறம் அவன்தான், வலைக்காரன் குரலிலேயே, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"எனுக்கும் படகு வலிக்கத் தெரியும்மா. இந்த ஊர்லயே இருந்துக்கட்டுமா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு புதுத் தாள் எடுத்தேன். ஐந்து பட்டன் எண்ணி அவன் முன்னால் வைத்தேன்.

"இரு. பேர் என்னாப்பா?"