வலிக்காமல் தூக்கிய கை

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று பெருங்களத்தூர் பல் டாக்டரிடம் போய்ப் பல்லைச் சுத்தம் செய்துகொண்டேன். முன்பு ஒருவர் கம்பியால் சுரண்டியதில் ஈறெல்லாம் ரத்தம் வந்தது. அந்தப் பயத்தில் பல வருடமாகப் போகவே இல்லை. இந்த டாக்டர் சின்னப் பெண். "இப்ப சுரண்டறதெல்லாம் கம்மிம்மா. வெதுவெதுன்னு தண்ணியோட நைஸ் பவுடர் அடிப்போம், அவ்ளோதான். வலிச்சா கையைத் தூக்குங்க" என்றாள்.

வலிக்கவே இல்லை. ஆனாலும் கையைத் தூக்கினேன். ஏன் என்று தெரியவில்லை. அவள் உடனே நிறுத்திவிட்டு, என் கன்னத்தில் கைவைத்துக் குனிந்து, "என்னம்மா, வலிக்குதா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் காலமான பிறகு என் முகத்தை யாரும் தொட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. அவள் வலி என்றே நினைத்துக்கொண்டாள். "சாரிம்மா, இன்னும் மெதுவா பண்றேன்."

கிளம்பும்போது, அடுத்த மாதமே வரட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கும்மா? உங்க பல்லு சூப்பரா இருக்கு. அடுத்த வருஷம் வந்தா போதும்" என்று சிரித்தாள்.

நல்ல சேதிதான். சந்தோஷப்படுவதுபோல் தலையாட்டிவிட்டு வந்தேன். பல்லெல்லாம் வழுவழுவென்று இருக்கிறது. சிரித்துக் காட்டத்தான் வீட்டில் யாரும் இல்லை.